இறங்கி வந்த விஞ்ச்

மகளுக்குக் காய்ச்சல் இறங்கினால் மொட்டை போடுவதாக ஜெயபாண்டி வேண்டியிருந்தான். சாமி மகளை விட்டுவிட்டு அவனை எடுத்துக்கொண்டது. அவனுக்குப் பதிலாகத் தன் முடியைக் கொடுக்க, நல்லூரிலிருந்து அவன் மனைவி விஜயராணி, மகள் அபிராமியோடு மலைக்கோயிலுக்கு வந்திருந்தாள்.

விஞ்சில் கம்பிவடம் ஒரு பெட்டியை மேலே இழுக்கும்போது மற்றது கீழே இறங்கும். பாதி மலையில் இரண்டும் உரசுவதுபோல் விலகின. எதிர்ப்பெட்டியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை நீலமும் மறு கை பச்சையுமான அவனுடைய பனியன், விஜயராணி தான் வேலை பார்க்கும் கம்பெனியில் மிஞ்சிய துணியில் தைத்தது. எரிக்கக் கொண்டுபோனபோது ஜெயபாண்டிக்கு அதைத்தான் போட்டுவிட்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள். பெட்டி கீழே போய்விட்டது.

ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கையை அபிராமி உள்ளே இழுத்தாள்.

"அப்பா தலை சில்லுன்னு இருக்கும்மா."

அவள் உள்ளங்கை முழுக்க ஈரச் சந்தனம் அப்பியிருந்தது.