யார் ரத்தம்?

"லேப்ல லேபிளை மாத்தி ஒட்டிட்டாங்க," என்றார் டாக்டர், இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு. எதிரே உட்கார்ந்திருந்த தம்பதியில், கணவரின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வஞ்சனையில்லாமல் இருந்தன. மனைவியின் ரத்தத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

மனைவி தையல்காரி. ஐந்து நாளாகக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத தொண்டைவலி.

"சளிக் காய்ச்சல்தான் டாக்டர். தூக்கம்தான் ஆளை அமுக்குது. டீயா குடிச்சும் கண்ணு சொக்குது. நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டுமே இடது கையா வச்சுத் தச்சுட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அவர் மனநோய்க்குச் சாப்பிடற மாத்திரை சில பேருக்கு வெள்ளை அணுவைத் துடைச்சிடும். அதனாலதான் வாராவாரம் அவர் ரத்தத்தைப் பார்க்கறோம். அணு போயிட்டா தொண்டைவலியே ஆளைக் கொண்டுபோயிடும்."

"அப்ப இது அவர் ரத்தமா?" அவள் முகம் வெளுத்தது. தன் காய்ச்சல் அவளுக்கு மறந்தே போய்விட்டது.

டாக்டர் லேபுக்குப் போன் போட்டார். மாறவே இல்லை என்று லேப்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடித்த சத்தம் இந்தப் பக்கம் கேட்டது.

கணவரை வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறாரா?"

அவள் தலைகுனிந்தாள். "விஷம்னு துப்பிடறார். ரெண்டு மாசமா பொடிச்சு டீயிலதான் கலந்து குடுக்கறேன். கசப்பு தெரியாம இருக்க சர்க்கரையை அள்ளிப் போட்டு. அப்படியும் பழையபடி சுவரோட பேசறார். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு..."

டாக்டர் திட்டவில்லை. "உங்களை இப்பவே அட்மிட் பண்ணணும்," என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

பெஞ்சில் மனைவியின் கைப்பையைக் குழந்தைபோல அணைத்தபடி உட்கார்ந்திருந்தார் கணவர்.

"அவங்க போட்டுத் தர்ற டீயைக் குடிக்கறீங்கதானே?"

கணவர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். எனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலா போட்டுத் தருவா, பாவம். நாள் முழுக்க மிஷின் மிதிக்கறவ அவ, எனக்கு எதுக்கு?"

"அதனால?"

"அவ கடைக்குக் கொண்டுபோற ஃப்ளாஸ்க்ல ஊத்திடுவேன்."