பின்வரிசையில் ஒரு சிரிப்பு

பட்டாபிராமில் சரண் வைத்திருப்பது பிளெக்ஸ் பேனர் கடை. அதை அவன் ‘டிசைன் ஸ்டுடியோ’ என்றுதான் சொல்வான்.

பேனர் அடிக்க வந்த நாகப்பன் நீட்டிய செல்போனில் ஜப்பான் டி.வி. விளம்பரம் ஓடியது. பெரிய ஹாலிவுட் நடிகர் ஒருவர் காபி டின்னைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, கோழி மாதிரி கொக்கரித்தார்.

சரண் விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடியும் போட்டுப் பார்த்தான்.

“படத்துல நூறு பேரை அடிக்கிற ஆளு, காபி விக்க இன்னா நைனா இப்பிடிக் கொக்கரிச்சிகினு கீறான்!”

“எங்க ஊட்டுலயும் இதைப் பாத்து அப்பிடித்தான் சிரிச்சிகினு கெடந்தோம். அவுருக்குப் பின்னாடி கூட்டத்துல ஒருத்தன் சிரிக்கிறான் பாரு, அவன் என் புள்ள எழில். படிக்கப் போன எடத்துல ஒருநாள் இதுல நின்னான். அவன் மூஞ்சை மட்டும் பெருசு பண்ணி பேனர் அடிக்கணும்.”

“மங்கலா வரும் நைனா. வேற போட்டோ இல்லியா?”

“எல்லாத்துலயும் உம்முனு கீறான். சிரிக்கிற மூஞ்சிதான் வேணும்னு அவங்கம்மா ஒரே புடியா நிக்கிறா.”

“உடு, ஸ்டார் அவன் தோள்ல கை போட்ட மாதிரியே பண்ணிக் குடுக்கறேன். நம்ம கிராபிக்ஸ் அந்த ஜப்பான்காரனுக்கே வராது! பொறந்த நாள் என்னிக்கு?”

“மார்ச் ஒம்பது, ரெண்டாயிரத்து ரெண்டு.”

“பர்த்டே பேனருக்கு வருஷம் எதுக்கு நைனா?”

நாகப்பன் செல்போனைத் திருப்பி வாங்கி, திரையைத் துண்டால் துடைத்தார்.

“தோற்றம்னு போட்டு அதை வருஷத்தோட எழுதுப்பா. பக்கத்துல மறைவுன்னு போட்டு, போன செவ்வாக்கெழம தேதி போடு.”