பூங்காவனம் இறங்கி நின்ற கடல்

அலைச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்காக அந்த ஊர்க் கடலில் இயந்திரம்தான் அலை எழுப்புகிறது. காலை ஆறிலிருந்து பத்து வரை ஒரே உயரம், ஒரே வேகம், ஓயாத அலை. ஆடுகிறவர்களுக்குக் குறையே இல்லை. ஆனால் நாலைந்து பெரிய அலை போனதும் கடல் கொஞ்சம் ஓய்ந்து மூச்சு வாங்குமே, அந்த நேரம் பார்த்துத்தான் மீன்படகு கரை ஏறும். இப்போது கடல் மூச்சே வாங்குவதில்லை.

போன வாரம் பூங்காவனத்தின் கொழுந்தன் படகு இந்த அலையில் கவிழ்ந்து அவன் கை ஒடிந்தது. இன்று அவள் புருஷன் ஏகாம்பரம் அலைக்கு அந்தப் பக்கம் காத்துக் கிடந்தான்.

கையில் அனுமதிப் பட்டை கட்டாத ஆள் தண்ணீரில் நின்றால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அது பூங்காவனத்துக்குத் தெரியும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். அலை ஓய்ந்தது.

"யக்கோவ், ஒரு மாசம் காத்திருந்து கெடச்ச அலை இது!" என்று பலகைமேல் இருந்த ஒருத்தி கத்தினாள்.

"நான் விடியலேர்ந்து காத்திருக்கேன். செத்த பொறு கண்ணு."

ஏகாம்பரத்தின் படகு அலுங்காமல் கரை சேர்ந்தது. "உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டவன் சிரித்துவிட்டான்.

இயந்திரத்தை ஓட்டுகிறவர் ஒலிபெருக்கியில் கெஞ்சினார். "நாளைக்காவது வராதீங்கக்கா."

"கடலுக்குப் போனவங்கள திரும்பி வராதீங்கன்னு சொல்லு. நானும் வரல."

பின்னால் இன்னும் நாலு படகு வந்துகொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.