பன் தராத மச்சான்

"நாலு வெள்ளை பன் குடு" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"தீர்ந்துபோச்சு அத்தான்" என்றான் பேக்கரிக்காரன். அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறைய பன் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

"அப்ப அது என்ன, செங்கல்லா?"

"அது ஆர்டர். உங்களுக்கு முழுக்கோதுமை பிரெட் தரேன். வறுத்த கொண்டைக்கடலையும் இருக்கு."

"குதிரைக்குப் போடு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்கின் காது சுட்டது.

ஏற்கெனவே அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது. எப்போதோ குடும்பமாக போட்டோ எடுத்தபோது மச்சான் அவரை ஓரத்தில் நிற்கவைத்ததில், பாதி உடம்பு படத்திலேயே வரவில்லை. அதையே இன்னும் மறக்காதவர், ஊர் முன்னால் மச்சான் பன் இல்லை என்று சொன்னால் சும்மா விடுவாரா? யாருக்குத்தான் கோபம் வராது?

கூட வந்திருந்த மனைவி அவர் கையைப் பிடித்தாள். "விடுங்க. டாக்டர் மைதா கூடாதுன்னுதானே சொன்னார்."

"டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டாச்சுடி. கறியை விட்டேன், முட்டையை விட்டேன், டீயில பால்கூட இல்ல. செடியில விளையறதைத்தான் தின்னணும்னார். மைதா செடியிலேர்ந்து வராம, மாடா கறக்குது?"

"சர்க்கரையும் செடிதான் அத்தான். சாராயமும் செடிதான்" என்றான் மச்சான்.

மறுபடியும் சிரிப்பு.

"முடிவாச் சொல்லு. பன் உண்டா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். உன் அக்காவும் வரமாட்டா."

மனைவிக்கு முகம் செத்துப்போயிற்று. தூக்கி வளர்த்த தம்பியின் ஒரே பெண். ஒரு மாதமாக அவள் வாயில் அந்தக் கல்யாணத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மெக்கானிக் திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்தார். எதிரே இன்னொரு பேக்கரி. அந்தக் கடைக்காரனுக்கும் மச்சானுக்கும் கடை திறந்த நாளிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே பன் வாங்கி, மச்சான் பார்க்கப் பார்க்க நடுத்தெருவில் நின்று தின்ன வேண்டும். வயிறு எரியட்டும்.

மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நாலு வெள்ளை பன்."

எதிர்க்கடைக்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். "நீங்க அந்த லிஃப்ட் மெக்கானிக்தானே?"

"ஆமா."

"உங்களுக்குப் பன் கிடையாது."

மெக்கானிக் மச்சான் கடைப் பக்கம் கையைக் காட்டினார். "அவனுக்கும் உனக்கும்தான் ஆகாதேப்பா."

"ஆகாதுதான். என் போர்டு நிழல் அவன் கடை மேல விழுதுன்னு என்னைக் கோர்ட்டுக்கு இழுத்த ஆளு. இன்னிக்கும் அவன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு ஆகாது."

"அப்புறம் என்ன?"

"போன வாரம் நேரா உள்ள வந்துட்டான். சண்டைக்கு வரான்னு நான் கரண்டியக் கையில எடுத்துக்கிட்டேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் அத்தானுக்குச் சர்க்கரையால கால் புண் ஆறல. நான் பன் இல்லன்னு சொன்னா அடுத்த நிமிஷம் உன்கிட்டதான் வருவாரு. குடுத்துடாதே'ன்னு கெஞ்சறான். 'எனக்கென்ன லாபம்?'னேன். மறுநாளே கேஸை வாபஸ் வாங்கிட்டான்."

மெக்கானிக் எதிர்ப்பக்கம் பார்த்தார். மச்சான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, சுத்தமாக இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தான்.

கடைப்படி இறங்கினார். நின்றார். மனைவி பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சா?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? கசங்கின சட்டையோட போய் நின்னா, சபையில உன் தம்பிக்குத்தானே கேவலம்."