துலுக்காத கிடா

கிடா துலுக்கவில்லை.

சுபேதார் கர்ணவீர் புன் மறுபடியும் செம்பிலிருந்து நீரை அள்ளி அதன் முதுகில் தெளித்தார். கருங்கிடா காதைக்கூட அசைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கிச் சம்மதம் சொல்லாத உயிரை வெட்டக் கூடாது. வெட்டாமல் அவிழ்த்து விட்டாலோ, பலி கொடுக்கும் வீட்டின் கையால் தேவி பலி வாங்க மறுத்துவிட்டாள் என்று பேச்சாகிவிடும்.

முற்றத்தைச் சுற்றி ஊரே நின்றிருந்தது.

தசைன் திருவிழாவின் ஊர்ப்பலி இந்த வருஷம் புன் வீட்டு முறை.

சுபேதார் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அவர் இடுப்பில் வளைந்த வெட்டுக்கத்தி, புதுக் குக்ரி, கனத்தது.

புன் வீட்டில் குக்ரி வாங்கும் வழக்கமே கிடையாது. அப்பன் இடுப்பிலிருந்து மகன் இடுப்புக்குப் போகும், அவ்வளவுதான். தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்ததை சுபேதாரின் ஒரே மகன் நர்ஜித் எடுத்துக்கொண்டு போனான். காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்டவர்களோடு சேரப் போனான்.

சண்டை ஓய்ந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள். மற்றவர்கள் வீட்டுக்குச் செய்தி திரும்பியது. நர்ஜித் விஷயத்தில் இரண்டுமில்லை.

மூன்று தலைமுறையாகச் சீருடை போட்ட குடும்பம். யார் கேட்டாலும், "பையன் கத்தார்ல இருக்கான்" என்பார் சுபேதார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் வீட்டுக் கதவுக்குத் தாழ் போடுவதில்லை. பட்டாளத்துக்காரன் வீட்டுக்குள் எந்தத் திருடனுக்குக் கால் வைக்கத் துணிச்சல் வரும் என்பார். தாழ்க்கட்டை நெல் குதிருக்குப் பின்னால் எங்கோ கிடந்தது.

ஒவ்வொரு தசைனுக்கும் தன் வீட்டளவில் ஒரு பூசணியை அரிவாளால் பிளந்து ஒப்பேற்றிவந்தார். ஊர்ப்பலிக்குப் பூசணி செல்லாது. இரவல் குக்ரியைத் தொட அவர் பரம்பரை இடம் கொடுக்காது.

எனவே பட்டறைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

என்ன கேட்டு வாங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. கொல்லன் ஹர்கே, "பழசு எப்படி இருக்கும் சாப்?" என்று மட்டும் கேட்டான். சுபேதார் விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டார். ஹர்கே அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று வீட்டுக்குப் பின்னால், யாரும் பார்க்காதபோது, ஒரு பச்சை மூங்கிலில் வீசிப் பார்த்தார். ஒரே வீச்சில் இறங்கியது. அத்தனை சுலபமாக அது கைக்குப் பழகிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது கிடா நகராமல் நின்றது.

"என்ன சுபேதாரே, கிடாவுக்குப் புதுக் குக்ரி பிடிக்கலையோ?" எதிர்வீட்டு தேஜ்மான் ராணா ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "பழசு எங்க? பையன் கத்தாருக்குக் கொண்டுபோனானே, பிளேன்ல ஏத்த விட்டாங்களா?"

யாரோ சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள்.

சுபேதார் மறுபடி செம்புக்குள் கைவிட்டார். செம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து மருமகள் ஜுனுமாயா வந்தாள். நர்ஜித்தின் மனைவி. பலி நடக்கும் இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. கையில் சிவப்பு வளையல், கழுத்தில் சிவப்பு மணிமாலை. புருஷன் உள்ளவளின் நிறம்.

அவள் மண்டியிட்டுக் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் காதில் ஏதோ சொன்னாள். கூந்தலை ஒதுக்கிவிடுவதுபோல அதன் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள்.

கிடா கண்ணை மூடியது. தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை உதறியது. நீர்த்துளிகள் சுபேதாரின் கன்னத்தில் வந்து விழுந்தன.

அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

குக்ரி இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரே வெட்டு.

ஊர் ஆரவாரித்தது. தேஜ்மான்தான் முதலில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "புன் கைன்னா புன் கைதான்!"

சுபேதார் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மாலையில் முற்றம் கழுவிக் காய்ந்திருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து குக்ரிக்குக் கடுகெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஜுனுமாயா கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஆட்டுக் காதுல என்னம்மா சொன்ன?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"அப்பா புதுக் குக்ரி வாங்கிட்டாரு. பழசைக் கொண்டுவந்து குடுக்கணும்னு நீங்க இனிமே அலைய வேண்டாம். போங்கன்னு சொன்னேன்."

சுபேதாரின் விரல் இரும்பின் மேல் அப்படியே நின்றது.

அவள் உள்ளே போய் நெல் குதிருக்குப் பின்னால் தேடினாள். தாழ்க்கட்டையை வெளியே இழுத்து, படிந்திருந்த தூசியைத் தட்டினாள். கதவுக்குக் குறுக்கே வைத்துப் பொருத்திப் பார்த்தாள். எத்தனையோ மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து உப்பியிருந்த கட்டை, துளைக்குள் போக மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். போகவில்லை.

சுபேதார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

அவள் கட்டையைக் கொடுத்தாள்.

அவர் அதை மடியில் கிடத்தி, முதுகை வளைத்துக் குனிந்து, புதுக் குக்ரியால் அதன் முனையைச் சீவத் தொடங்கினார்.