சோளத்தால் போட்ட கோடு

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் போட்டியாளர் மலையிறங்குமுன்பே மிதிவண்டிப் பந்தயத்தின் எல்லைக்கோட்டையும் அலங்கார வளைவையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இது முறையன்று.

கல்வராயன் மலையடிவாரச் சாலையில் சாய்வெயில் விழுகிறது. பந்தயத்துக்கு வழிவிடக் காலையில் வாரியெடுத்த மக்காச்சோளத்தை அவ்வூர் விவசாயி காசியம்மாள் மறுபடியும் சாலை நிறையக் காயவைத்துவிட்டாள். அய்யப்பன் தண்ணீர்ப் புட்டியோடு சாலைத் திருப்பத்தையே பார்க்கிறான். ஆடியில் ஏலகிரிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவள் அவன் மனைவி கோகிலவாணி. ஐப்பசியில் ஏற்காட்டுச் சரிவில் விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டவளும் அவளே. இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தை முடித்தால் போதும் என்றுதான் இன்று மலையேறினாள்.

“இன்னா தம்பி, யாருக்காக நின்னுக்கினு இருக்க?” என்கிறாள் காசியம்மாள்.

“எம் பொண்டாட்டி வரணும்மா. கோட்டைத் தாண்டணும்.”

“கோடுதான் லாரி ஏறிப் போயிடுச்சே.”

திருப்பத்தில் கோகிலவாணி தெரிகிறாள். சங்கிலி அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வருபவள், அலங்கார வளைவு நின்ற இடம் வெறுமையாயிருப்பதைக் கண்டு நின்றுவிடுகிறாள். காசியம்மாள் மரப்பலகையால் சோளத்தை இருபுறமும் ஒதுக்கி வழிவிடுகிறாள். வழியின் முடிவில் ஒரு கை சோளத்தைக் குறுக்கே கோடாகத் தூவுகிறாள்.

“இதான் கோடு. வா கண்ணு.”

கோட்டருகே வந்த கோகிலவாணி குனிந்து, சேறப்பிய காலணிகளைக் கழற்றுகிறாள். ஆறிய தோளில் வண்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு மணியும் மிதிபடாமல் வெறுங்காலோடு தாண்டுகிறாள். புட்டியைக் கீழே போட்டுவிட்டு அய்யப்பன் கைதட்டுகிறான்.

வாசகரே, அடுத்த பந்தயத்துக்கு நீர் போவீராயின், கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கேயே நில்லும்.