இருபத்தொரு சிவப்பு

"இன்னிக்குத் தேறலன்னா உனக்குப் பர்மனென்ட் கிடையாதா?" சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த கணவன் பிரவின்குமார் கிசுகிசுத்தான்.

"கான்ட்ராக்டும் போயிடும். பேசாம உக்காருங்க," என்றாள் சண்முகப்பிரியா.

அவளுடைய கம்பெனியில் நிரல் எழுதும் ஏஐ, எந்தக் கோப்பைத் தொடுவதென்றாலும் அவள் அமைத்த டூல் சர்வர் வழியாகத்தான் தொட வேண்டும். சென்னையிலிருந்து அவளுடைய மேலதிகாரி சாதியா மேடம் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"பழைய கோப்பையெல்லாம் அழின்னு ஏஐகிட்ட சொல்றேன்," என்றது லேப்டாப்பில் அவர் குரல்.

சர்வர் மறுத்தது. திரையில் சிவப்பு எழுத்து.

"அவசரம்னு சொல்லிப் பாக்கறேன்."

மறுபடியும் சிவப்பு. மேடம் கெஞ்சினார், மிரட்டினார், முதலாளி பெயரைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சிவப்புதான்.

சண்முகப்பிரியா சிவப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"சொன்னதக் கேக்காத சர்வர எவன் வெச்சுக்குவான்?" பிரவின் பல்லைக் கடித்தான்.

"இருபது ஆச்சு. கடைசியா ஒண்ணு," என்றார் மேடம்.

அதுவும் சிவப்பு. பிரவின் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பிரியா, பர்மனென்ட் ஆர்டர் நாளைக்கு வந்துடும்!" மேடம் சிரித்தார். "ரெண்டு பேர் ஒப்புதல் இல்லாம எதையும் அழிக்க விடக் கூடாதுன்னு கேட்டோம். இதுவரைக்கும் மத்தவங்க செஞ்ச அத்தனை சர்வரும் எங்கயாவது ஏமாந்துச்சு. உங்களுது அசையவே இல்லியே!"

சண்முகப்பிரியா அடக்கியிருந்த மூச்சை விட்டாள். யார் எது கேட்டாலும் தலையாட்டியே பழகியவள், தன் சர்வர் வழியாக இருபத்தொரு முறை மறுத்திருக்கிறாள்!

"எங்க கத்துக்கிட்டீங்க இத?"

"எங்க வூட்டுக்காரருகிட்டங்க, மேடம். மைன்ஸ்ல பெர்மிட்ல ரெண்டு கையெழுத்து இல்லன்னா, எவ்ளோ பெரிய அதிகாரி வந்து கத்துனாலும் இவரு கன்வேயர் பெல்ட்டத் தொட மாட்டாரு."